ஈரம் படாத ஆமைகள்

மழைக்காலத்தில் எங்கள் முடிச்சூர் பக்கம் அப்பளம்கூட டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகும், சார். அந்த ஊரில் நூற்றைம்பது வருஷத்துக் காகிதத்தைக் காப்பாற்றுவது எத்தனை பாடு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சின்ன அறையில் நீங்கள் பார்த்தவை அழிந்துபோன ஆமைகளின் படங்கள். கல்லச்சில் அடித்து, கையால் வண்ணம் தீட்டியவை. கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்திலிருந்து சேர்த்தேன். வரைந்தவர்கள் யாரும் அந்த ஆமைகளை உயிரோடு பார்த்ததில்லை. கிடைத்த எலும்பை வைத்துக்கொண்டு மீதியை ஊகத்தில் வரைந்தார்கள். கொம்பு முளைத்த ஆமைக்கு ஒருவர் பசுமாட்டு முகம் கொடுத்திருக்கிறார். சிவாலிக் மலையில் எலும்பு கிடைத்த ராட்சத ஆமைக்கு இன்னொருவர் இமை மயிரே வரைந்திருக்கிறார். தப்புதான். எனக்கு அந்தத் தப்புகளைத்தான் பிடிக்கும்.

என் மனைவி ஞானசௌந்தரிக்கும் பிடிக்கும். கணக்கு டீச்சராக இருந்தவள். இமை மயிர் ஆமையைப் பார்த்தால், பாளையங்கோட்டை அத்தை நம்மையே பார்க்கிறாள் என்று சிரிப்பாள். நுரையீரல் இறுகிப்போன பிறகு சிரிப்பை விட்டுவிட்டாள். சிரித்தால் மூச்சு வாங்கும். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடும். படங்களின் அறையில் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஓடும். வெளியிலிருந்து கேட்டால் எது எதுவென்று தெரியாது.

புயலன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நிரப்பக் கொடுத்த ஆக்சிஜன் சிலிண்டரும் மழையில் வந்து சேரவில்லை. இன்வெர்ட்டர் இரண்டு மெஷினையும் ஒன்றாகத் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் முன்பே சொல்லியிருந்தார். மதியம்வரை அவளுடைய மெஷினைத்தான் ஓடவிட்டேன். வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு படங்களைப் பார்க்கப் போனேன். சிவாலிக் ஆமையின் கண்ணாடி உள்பக்கம் வேர்த்திருந்தது. பூஞ்சை பிடித்துவிட்டால் அந்தக் காகிதம் அவ்வளவுதான். ஏற்கெனவே ஒருமுறை அழிந்தவை அவை. ஞானசௌந்தரிக்கோ டாக்டர் எப்போதோ கையை விரித்துவிட்டார். இரண்டில் ஒன்று என்றால் எனக்கு வேறு வழி என்ன இருக்கிறது? போய் அவளுடைய பிளக்கைப் பிடுங்கினேன்.

"என்னங்க, மெஷின் நின்னுடுச்சே," என்றாள்.

"இன்வெர்ட்டர் ட்ரிப் ஆயிடுச்சு, சௌந்தரி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். எப்போதும் நான் சொன்னதை நம்புகிறவள். கொஞ்ச நேரம் கழித்து, விட்டு விட்டுச் சொன்னாள்.

"படங்க... ஈரம் ஏறிடாம பாத்துக்குங்க."

அவளே சொன்னாள், சார். அவள் சம்மதத்தோடுதான் செய்தேன் என்று நாவலூரிலிருந்து வந்த எங்கள் மகள் ஜோசலினிடமும் சொன்னேன். ஜோசலின் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், இல்லை. அடக்க ஆராதனையிலும் அழுகை வரவில்லை.

மாடி வீட்டு ஏகநாதன் உங்களிடம் சொன்னது உண்மைதான். நான் மறுக்கவில்லை. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வந்து வாசல் கதவைத் தட்டினான்.

"அங்கிள், ஜெனரேட்டர்லேர்ந்து ஒயர் இழுத்துட்டு வந்திருக்கேன். ஆன்ட்டி மெஷினுக்குப் போட்டுக்குங்க."

"வேணாம்பா. மெஷின் ஓடிட்டுதான் இருக்கு," என்று உள்ளேயிருந்தே சொன்னேன்.

அவன் நின்று கேட்டிருப்பான். உள்ளே மெஷின் சத்தம் கேட்டது. சரி அங்கிள் என்று மாடிக்குப் போய்விட்டான். அப்போது ஞானசௌந்தரி உயிரோடுதான் இருந்தாள். கூப்பிட மூச்சில்லாமல், மோதிர விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். படங்களின் அறைவரை கேட்டது.

அந்த ஒயரை வாங்கியிருந்தால் இரண்டு மெஷினுமே ஓடியிருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் வாசலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, சார். கதவைத் திறந்தால் ஈரக்காற்று உள்ளே வந்துவிடும்.