ஈரப் பொந்து

கீக், கீக், கீக் என்று அது கத்த ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு வூ அம்மாள் சுவரைத் தட்டுவார். வேறொன்றுமில்லை, எங்கள் வீட்டு ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நான் எழுந்து போய்த் தொட்டியைக் காலி செய்து மறுபடி மாட்டுவேன். நம் கீலுங் ஊரில் இந்த இயந்திரம் இல்லாத வீடு கிடையாது. இங்கே சுவர் வியர்க்கும். அலமாரியில் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும். உங்கள் காவல் நிலையத்துக் காகிதங்கள்கூட நமுத்துப்போய்த்தான் இருக்கின்றன ஐயா, நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். இதுதான் முதல்.

என் பெயர் யுவே-சின். கோயில் சந்தில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மேலே வீடு. மழை விடாத ஊரில் துணிகளைக் காய வைப்பதுதான் என் தொழில். ஈரம் என்றாலே எனக்கு ஆகாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட இருபது வயது இளைய தங்கை ஒருத்தி இருக்கிறாள், ஜியா-ரோங். அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு. அன்றிலிருந்து அவளுக்குத் தலைவாரியது, சோறு போட்டது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் நான்தான். பெரியவளானதும் பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலைக்குப் போனாள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் உபயோகப்படும்.

ரோங் தன் அறையில் இரண்டு சிறுத்தைப் பல்லிகளை வளர்த்தாள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி, தடித்த வால். பெரியது பப்பாளி. சின்னது கடலை. நம் சுவரில் ஓடுகிற பல்லி மாதிரி ஏறாது, தரையில்தான் நடக்கும். நடக்கும்போது முகம் சிரித்தாற்போல் இருக்கும். எனக்கும் அவற்றைப் பிடித்திருந்தது. அதில் சந்தேகம் வேண்டாம்.

தோல் உரிக்கப்போகும் பல்லி, பாலில் முக்கி எடுத்ததுபோல வெளுத்துவிடும். அப்போது அதற்கு ஈரம் வேண்டும். ஒருநாள் ரோங் என் இயந்திரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா, உன் மெஷின் நம்மளையே ஒருநாள் கருவாடாக்கிடும். இதுங்களுக்கு ஈரம் வேணும். இல்லைன்னா பழைய தோல் விரல்ல மாட்டிக்கும். நூல் சுத்தி இறுக்கின மாதிரி ஆயிடும். ரத்தம் ஓடாம விரலே கழண்டு விழுந்துடும்.”

“விடாம மழை பெய்யுற ஊர்ல பல்லிக்கு ஈரம் பத்தலையாம். நல்ல கதை.”

“வெளியில வெள்ளம், வீட்டுக்குள்ள பாலைவனம். எல்லாம் உன் புண்ணியம்.”

அதனால் அவற்றுக்கு ஓர் ஈரப் பொந்து செய்தோம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று. பக்கவாட்டில் பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் விளிம்பு உடம்பைக் கீறாமல் இருக்க நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உள்ளே காய்ந்த பாசியை நனைத்துப் பிழிந்து பரப்ப வேண்டும். சொட்டவும் கூடாது, காயவும் கூடாது. டப்பாவைப் பல்லிப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டுத் தகட்டின் மேல் வைத்தால் உள்ளே வெதுவெதுப்பாக மூட்டம் போடும். பல்லி தானாக நுழைந்து, உரசி உரசித் தோலைக் கழற்றிவிட்டுப் புதுசாக வெளியே வரும். ரோங் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் பாசியை நனைப்பது என் பொறுப்பு. முதல் வருஷம் முழுவதும் ஒரு குறையும் வைக்கவில்லை. அவளையே கேட்டுப் பாருங்கள்.

பிறகு போ-யான் வந்தார்.

ரோங்குக்குப் பல்லிக் கண்காட்சி ஒன்றில் பழக்கம். தெற்கே காவோசியுங் துறைமுகத்தில் கப்பல் இயந்திரம் பழுது பார்ப்பவர். அங்கே குளிர்காலத்திலும் வெயில் அடிக்குமாம். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது குடையை உதறிக்கொண்டே, “அக்கா, உங்க ஊர்ல மீனே குடை பிடிச்சுக்கிட்டுத்தான் போகும் போல” என்றார். நான் சிரித்தேன். நல்ல மனிதர். சாப்பிட்ட கிண்ணத்தைத் தானே கழுவி வைப்பார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புத்தாண்டு கழிந்ததும் ரோங் அவரோடு தெற்கே போவது என்று முடிவானது. கல்யாணம் அங்கே, குடித்தனமும் அங்கே. என்றைக்குக் கிளம்புவது என்று கேட்டேன்.

“கடலை வெளுக்க ஆரம்பிச்சிருக்கு அக்கா” என்றார் போ-யான். “தோல் உரியப்போற பல்லியை ரயில்ல ஏத்தக்கூடாது. மிரண்டுபோய் பாதியில நிறுத்திடும். அது உரிச்சு முடிக்கட்டும், கிளம்பிடறோம்.”

அது அவர்கள் வழக்கம். மற்றவர்கள் பயணத்துக்கு நாள் பார்ப்பார்கள். பல்லி வளர்ப்பவர்கள் தோல் பார்ப்பார்கள்.

மறுநாள் ரோங் வேலைக்குப் போன பிறகு நான் பாசியை எடுத்துப் பிழிந்தேன். காலுறை துவைக்கும் வலைப்பையில் போட்டுக் கீழே கடைக்குக் கொண்டுபோனேன். மூலையில் ஒரு சின்ன உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது. குறைந்த சூட்டில் கொஞ்ச நேரம் ஓட விட்டேன். பாசி முறுமுறுவென்று ஆனது. திரும்பப் பரப்பி, தொட்டுப் பார்ப்பவருக்காக மேலே மட்டும் தண்ணீர் தெளித்தேன். தினமும் இதே வேலை. இதில் யாருக்கும் தீங்கில்லை. ஒரு பயணத்தைத் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான்.

கடலைக்குத் தோல் அரைகுறையாக நின்றது. அது ஒருவழியாக முடிவதற்குள் பப்பாளி வெளுத்தது. பப்பாளிக்கு இன்னும் மோசம். விரல்களில் வளையம் வளையமாகத் தோல் தங்கிவிட்டது. ரோங் பயணத்தை ஒத்திவைத்தாள். பிறகு இன்னொரு முறை ஒத்திவைத்தாள். தினமும் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் பல்லியின் காலை நனைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் இரண்டு பேரும் தேய்ப்போம். ஒரே விளக்கின் கீழே எங்கள் இரண்டு தலையும் முட்டிக்கொள்ளும்.

“அக்கா, உன் கை பக்குவம் யாருக்கும் வராது. நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்?”

இது அவள் வாயால் சொன்னது. எங்கள் வாழ்க்கையில் அந்தச் சாயங்காலங்கள் போல வேறு எதுவும் இருந்ததில்லை. பப்பாளிக்கு முன்னங்காலில் மூன்று விரல் நுனி கறுத்து விழுந்தபோது ரோங் சாப்பிடாமல் அழுதாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்காகப் பார்த்தால், பல்லிக்கு விரல்கள் நிறைய இருக்கின்றன. எனக்குத் தங்கை ஒருத்திதான்.

அந்தச் சனிக்கிழமை போ-யான் சொல்லாமல் வந்து நின்றார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். துண்டு கொடுப்பதற்குள் பல்லிப் பெட்டியிடம் போய்விட்டார். ரோங் சமையலறையில் இருந்தாள். அவர் பொந்தின் மூடியைத் திறந்து பாசிக்குள் விரலை விட்டார்.

“இதை யாரு அக்கா நனைக்கிறது?”

“நான்தான்.”

“மேல ஈரமா இருக்கு. அடியில காகிதம் மாதிரி காஞ்சு கெடக்கு.”

“எங்க வீட்டு மெஷின் பொல்லாதது.”

“மெஷின் உறிஞ்சினா மேலதான் அக்கா முதல்ல காயும்.”

இயந்திரம் தெரிந்தவர். நான் துண்டை நீட்டினேன். அவர் சத்தம் போடவில்லை. மூடியை மெதுவாக வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

“ரோங்குக்கு இது தெரிய வேணாம். அவ தாங்கமாட்டா. நான் இப்பவே பப்பாளியைக் குளியலறை ஆவியில வச்சு உரிச்சு விட்டுடறேன். நாளைக்குக் காலை ரயில்ல நாலு பேரும் கிளம்பிடறோம். நீங்க லீவுக்கு வாங்க அக்கா. அங்க வெயில் நல்லா அடிக்கும்.”

நாலு பேர் என்றால் அவர், ரோங், இரண்டு பல்லிகள். பல்லிகளைச் சேர்த்து எண்ணியிருந்தார். எண்ணிக்கையில் தவறு சொல்ல முடியாது.

நான் ரோங்கைக் கூப்பிட்டேன். “நனைஞ்சு வந்திருக்காரு பாரு. இஞ்சி போட்ட வாத்து சூப் வாங்கிட்டு வா. கோயில் வாசல் கடையில வாங்கு. பக்கத்துக் கடைக்காரன் வெந்நீர்ல இஞ்சியைக் காட்டிட்டுத் தருவான்.”

“அங்க வரிசை தெருக்கோடி வரைக்கும் நிக்குமே அக்கா.”

“நிக்கட்டும். மாப்பிள்ளைக்கு வாங்குறே, நின்னா என்ன?”

சிரித்துக்கொண்டே குடையை எடுத்தாள். போ-யான் பப்பாளியை நனைத்த துணியோடு ஒரு டப்பாவில் வைத்து, குளியலறை அலமாரியில் ஏற்றினார். கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரைத் திறந்துவிட்டார். ஆவி நிறையட்டும், அப்படியே தானும் குளித்துவிடலாம் என்றார். மூச்சு முட்டாமல் இருக்கக் குளியலறை ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்தார். அந்த ஜன்னல் பால்கனியைப் பார்த்துத் திறக்கும். வெந்நீர் போடும் எங்கள் கேஸ் ஹீட்டர் பால்கனியில் இருக்கிறது.

பால்கனிக் கண்ணாடி ஜன்னல்களை மூடாதீர்கள் என்று குளிர்காலம் தவறாமல் தீயணைப்புக்காரர்கள் வந்து சொல்வார்கள். ஹீட்டர் எரியும்போது வரும் விஷவாயு வெளியே போகாமல் சேர்ந்துவிடும். அவர்கள் கொடுத்த எச்சரிக்கைத் தாளைக் கோணாமல் ஒட்டியது நான்தான். ஆனால் அன்று சாரல் அடித்தது. வாடிக்கையாளரின் படுக்கை விரிப்புகள் பால்கனியில் தொங்கின. நனைந்தால் என்ன பதில் சொல்வது? ஒரு ஜன்னலை மூடினேன். ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை. ஜன்னல் இடுக்கில் காற்று வந்தது, அங்கே துண்டைச் செருகினேன். பிறகு கூடத்தில் உட்கார்ந்து தலையணை உறைகளை மடித்தேன்.

உள்ளே ஷவர்ச் சத்தமும் அவர் பாடும் சத்தமும் கேட்டன. பிறகு ஷவர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் இயந்திரத்தின் தொட்டி நிறைந்து கத்தியது, போய்க் காலி செய்தேன். உறைகள் எல்லாம் மடித்து முடிந்ததும் ஹீட்டரை அணைத்தேன். துண்டை எடுத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். கொஞ்சம் காற்றாடவிட்டுக் குளியலறைக் கதவைத் திறந்தேன்.

அவர் கதவோரமாக விழுந்து கிடந்தார். கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது, வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு இருக்குமே, அப்படி. டப்பாவை இறக்கிப் பார்த்தேன். பப்பாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்லிகளுக்கு நம்மைப் போல அவ்வளவு காற்று வேண்டியதில்லை. மீதமிருந்த விரல்களின் நுனி வரை, கண்ணிமை வரை, தோல் சுத்தமாகக் கழன்றிருந்தது. அது தன் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அவை எதையும் வீணாக்குவதில்லை.

ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். ரோங் சூப்போடு படியேறி வந்தாள். அதை விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். வந்தவர்கள் ஹீட்டரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். இந்த ஊரில் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் நடப்பதுதானே என்றார்கள். வூ அம்மாள் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ரோங் எங்கும் போகவில்லை. வேலையை விட்டுவிட்டாள். நான் கொடுத்ததைச் சாப்பிட்டாள். முகம் வெளுத்துக் கிடந்தாள். எனக்கு அது பழக்கமான நிறம். வெதுவெதுப்பும் பொறுமையும் இருந்தால் எந்தத் தோலும் ஒருநாள் கழன்றுவிடும். நான் அவசரப்படவில்லை.

இன்று காலை அவள் தானாகவே கடைக்கு இறங்கி வந்தாள். ஏதாவது வேலை கொடு அக்கா என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்ல முடியாது. உலர்த்தும் இயந்திரங்களின் பஞ்சுத் தட்டைச் சுத்தம் செய்யச் சொன்னேன். மூலையில் இருக்கும் சின்னதை நான் மறந்துவிட்டேன். பாசி வேலை முடிந்த பிறகு அதை நான் ஓட்டவே இல்லை. அவள் தட்டை உருவிக்கொண்டு வந்து என் எதிரே நின்றாள். பஞ்சோடு பஞ்சாகப் பாசி நார் பின்னிக் கிடந்தது.

“பாசியை எதுக்குக்கா மெஷின்ல காய வச்சே?”

சொன்னேன். அவள் கேட்டால் நான் பொய் சொல்வதில்லை, அப்படி வளர்க்கவில்லை. பிறகு ஜன்னலைப் பற்றிக் கேட்டாள். அதையும் சொன்னேன். போலீஸுக்குப் போகலாம் வா என்றாள். சரி என்றேன். ஒரு குடைதான் இருந்தது. இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே நடந்து வந்தோம். நாங்கள் அப்படி நடந்து ரொம்ப நாளாகிறது.

அவ்வளவுதான் ஐயா. எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உள்ளே வரட்டும் அவள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வெளி பெஞ்சில் ஒரே குளிர்.

வா ரோங். இப்படி உட்கார். உட்கார மாட்டாயா? சரி, நின்றுகொண்டே கேள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உள்ளேர்ந்து அவரு கூப்பிட்டாரா அக்கா?”

வாக்குமூலம் என்றால் சரியாகச் சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறேன்.

“கூப்பிட்டாரும்மா. ரெண்டு மூணு தடவை கூப்பிட்டாரு. ஆனா உன் பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டாரு? என்னைக் கூப்பிடவே இல்லையே.”