வெயில்ல வெச்ச பெட்டி

...பேசாதுங்க! நேத்து பேசுச்சு, இன்னைக்குப் பேசாது. ஒருநாள் ஆறாம் ரூம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும், மறுநாள் எட்டாம் ரூம். குளிர்கிடங்குன்னு பேரு, எனக்குத்தான் உடம்பெல்லாம் கொதிக்குது! எட்டு ரூம், ரூமுக்கு ஒரு பெட்டி. உள்ள எவ்ளோ சூடுன்னு அது பாக்கும். எல்லாத்தையும் கோத்து ஒரே ஒயர். இந்தப் பெரிய ஸ்க்ரீன் ஒவ்வொண்ணா கேக்கணும், பெட்டிங்க ஒவ்வொண்ணா பதில் சொல்லணும், அவ்ளோதான் வேலை. அதுக்கே பாதி ரூமுக்கு நம்பர் வரல, வெறும் கோடு! ஏன் தரையில மண்டி போடுறீங்க இன்ஜினியரம்மா, ஸ்டூல் இருக்கே. சரி, உங்க இஷ்டம்.

யாரு ஒயர் போட்டதா? என் மாப்ளதான். தங்கச்சி வீட்டுக்காரர், இங்க எலக்ட்ரீஷியன். வேலை பாருங்க, முதல் ரூம்லேருந்து ரெண்டாவது, அங்கேருந்து மூணாவது... நடுவுல எங்கயும் பிரியாம ஒரே வரிசை. கடைசிப் பெட்டியில, ஒயர் முடியுற இடத்துல, குட்டியா ஒரு ரெசிஸ்டர் வேற. கை சுத்தம். என்ன புண்ணியம்? போன வாரம் ஆறாம் ரூம்ல குளிர் போனது ஒருத்தருக்கும் தெரியல. ஸ்க்ரீன்ல கோடு. ரோஜாப்பூ லோடு மொத்தமும் கருகிப்போச்சு. மேனேஜர் அவரை வீட்ல உக்கார வெச்சுட்டாரு. இன்னைக்கு நீங்க ஒயரிங்தான் தப்புன்னு சொன்னீங்கன்னா, ஒரேயடியா வீடுதான்.

தங்கச்சி போன் பண்ணா. "சூப்பர்வைசர்னு உக்காந்திருக்கியே, அவருக்காக ஒரு வார்த்தை பேசினியாண்ணா?"ன்னா. வெச்சுட்டா. அதுக்கப்புறம் பேசவே இல்ல. கூடப் பொறந்தவ... எனக்குச் சோறு இறங்கலங்க. ஆனா நான் என்னன்னு பேச? ஒயரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? சும்மாவும் இருந்துடல. எலியா இருக்கும்னு பொறி வெச்சேன். வாட்ச்மேன் காலுதான் மாட்டுச்சு. ஸ்க்ரீனைத் தட்டிப் பாத்தேன். தட்டினா சில நேரம் வரும்ங்க, பொய் சொல்லல.

அங்க எதுக்குப் போறீங்க? நாலாம் ரூம் பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஓ, அந்தக் கிளை ஒயரா? அதை விடுங்க, அது என்னோடது. அது கிடங்குக் கணக்கிலயே சேராது.

இல்ல... உள்ள உக்காந்தா பல்லு கிட்டிக்குதுங்க. முட்டி வேற மடங்க மாட்டேங்குது. அதான் நாற்காலியை வெளியில போட்டுக்கிட்டேன். நம்பர் தெரியணுமே? வேலைன்னா வேலைங்க, அதுல நான் கறார். நாலாம் ரூம்லேருந்து ஒரு ஒயர் பிரிச்சு, முற்றத்துல எனக்குன்னு தனியா நம்பர் காட்டுற ஒரு பெட்டி. காலையில வெயில் வாசல் பக்கம், மத்தியானம் குழாய்ப் பக்கம். நாற்காலி நகரும், பெட்டியும் கூடவே நகரணும். அதனால ஒயரைத் தாராளமா விடச் சொன்னேன். மிச்சம் சுருட்டி ஆணியில தொங்குது பாருங்க.

மாப்ள ஒத்துக்கவே இல்ல. "மச்சான், கிளை ஒரு முழத்துக்கு மேல போகக் கூடாது. இவ்ளோ நீளம் விட்டா சிக்னல் அங்க போய் முட்டி, திரும்பி வந்து மத்த பேச்சையும் குழப்பும்"னாரு. நான் சிரிச்சேன். ஒயர்ல போறது என்ன சந்து தெரியாம திரும்பி வர்ற ஆளா? "சரி, உங்களுக்கு வேணும்னா அந்த வரிசையையே உங்க பெட்டி வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டாறேன், ரெண்டு ஒயர் ஆகும்"னாரு. போக ஒண்ணு, வர ஒண்ணாம்! ஸ்டோர் சாவி என்கிட்ட இருக்கு, நான் ஒரு ஒயர்தான் குடுத்தேன். முணுமுணுத்துக்கிட்டே போட்டாரு. பெரியவங்க சொன்னா கேக்குற மனுஷன்.

எப்ப போட்டதா? மழை விட்டு வெயில் வந்துச்சே, அந்த வாரம். கோளாறு எப்பவா? அதுவும்... அந்த வாரம்தான். ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சு, அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?

ஐயோ, கழட்டாதீங்க! என் பெட்டி செத்துடும்... பாருங்க, செத்துடுச்சு. சொன்னேன்ல?

அட. ஸ்க்ரீன்ல ஆறாம் ரூம் வந்துடுச்சு. ஏழு... எட்டு. எட்டும் நிக்குதே! ஆடக்கூட இல்ல. கைராசிங்க உங்களுக்கு.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஓ... என் ஒயரைக் கழட்டினதுனாலயா வந்துச்சு?

எங்க கிளம்பிட்டீங்க? மேனேஜர் ரூமா? இருங்க, நானும் வர்றேன். நீங்களா சொன்னா "எலக்ட்ரீஷியன் போட்ட ஒயர்"னுதான் அவர் காதுல விழும். யார் போடச் சொன்னதுன்னு நான்தான் சொல்லணும். இன்ஜினியரம்மா! இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நான் எங்க ஓட... போயிட்டாங்க.

அலோ. நான்தான்... வெச்சுடாத! திட்டு, அப்புறம் திட்டு. மாப்ளகிட்ட குடு.

மாப்ள, சட்டையப் போட்டுக்கிட்டுத் தயாரா இருங்க. மேனேஜர் கூப்பிடுவாரு. உங்க மேல தப்பில்லன்னு நான் இப்பவே போய்ச் சொல்றேன்... ஆமா மாப்ள. நான்தான். அந்தக் கிளைதான். நீங்க சொன்ன மாதிரியே சிக்னல் முட்டித்தான் திரும்பி வந்திருக்கு. இனிமே நீங்க சொல்றதுதான். சத்தியமா.

அப்புறம் மாப்ள... வரும்போது ஸ்டோர் சாவியை என்கிட்ட வாங்கிக்குங்க. ரெண்டு ஒயராவே எடுத்துக்குங்க. வெளியில இன்னும் நல்ல வெயில்.