நடுவாந்தர ஊர்

ஹலோ... ஆமா, பதுளை இரும்புக் கடைதான். கதிர்காமநாதன் பேசுறேன்... யாரு, மூக்கையா மச்சானா? மடுல்சீமையில இருந்தா? தோட்டத்து ஆபீஸ் போன்ல பேச கிளாக்கரையா விட்டாரா?... அஞ்சு நிமிசமா. சரி, சொல்லுங்க.

...ஆமா, ஆமா. தோட்டத்து வேலையில இருந்து உங்க பேர வெட்டிட்டாங்கன்னு கடுதாசி கெடச்சிச்சு. கங்காணிய எதுத்துப் பேசினா வெட்டத்தான் செய்வாங்க... குடியிருக்கிற லயத்துக் காம்பராவ இன்னைக்கே விடணுமா... ம்... சாமானெல்லாம் வெளிய வச்சாச்சா.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல நீங்க கேட்டிருந்த அந்த வாடகை வீடா? அது இல்ல மச்சான்... இல்ல, வேற யாருக்கும் குடுக்கல. சும்மாதான் கெடக்கு. உங்களுக்குக் குடுக்க வேணாம்னு நான்தான் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.

...இருங்க, இருங்க. வெளக்கமாச் சொல்றேன். தோட்டத்துல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கேக்க ஒண்ணும் இல்ல. கொழும்புல யாருக்கும் யாரையும் தெரியாது, கேக்க நேரமும் இல்ல. பதுளை நடுவாந்தரம். மூஞ்சி தெரியும், பூர்வீகம் தெரியாது. அப்ப என்ன செய்வாங்க? கேட்டுக்கிட்டே இருப்பாங்க. எப்ப வந்தீங்க, யாரு கூட்டியாந்தா, கூடப் பொறந்தவங்க எத்தன பேரு. நான் வந்த அன்னைக்கே தோட்டத்துப் பேச்ச எடுக்காமச் சொல்லிட்டேன், திருச்சியில இருந்து நேரா யாவாரத்துக்கு வந்தேன், ஒத்தப் புள்ளன்னு. அத நம்பித்தான் பொண்ணு குடுத்தாங்க.

...ஆமா, உங்க சம்சாரம் இராக்கம்மா என் தங்கச்சிதான். யாரு இல்லன்னா? அதான் சிக்கலே. பக்கத்துல குடியிருந்தா காலையில கிணத்தடிக்கு வருவா. என்னப் பாத்ததும் 'அண்ணே'ம்பா. அங்க நாலு பொம்பளைங்க நிப்பாங்க. பகலுக்குள்ள பேச்சு கடைவீதிக்கு வந்துரும், பொழுது சாயறதுக்குள்ள மாமனார் காதுக்குப் போயிரும்... எந்த வீதியா இருந்தாலும் அப்பிடித்தான். ரயில் வந்து ரெண்டு வருசமாச்சு, ஊரு பெருத்துப்போச்சுன்னு நீங்க நெனக்கிறீங்க. அந்த அளவுக்குப் பெருக்கல.

...அட, தெருவுல விடுவேனா? வழி இருக்கு. எங்க வீட்டுப் பின்னால விறகுக் கொட்டில் இருக்கு. வேலைக்கு ஆளுன்னு வாங்க. வேலையாள யாரும் ரெண்டாந்தடவ பாக்க மாட்டாங்க, அதான் இந்த ஊரு சூட்சுமம். நீங்க விறகு பிளங்க, அவ பாத்திரம் தேய்க்கட்டும். என் சம்சாரத்துக்கு ஒண்ணும் தெரியாது, 'ஏய்'னுதான் கூப்புடுவா. மொகத்தச் சுளிக்கக் கூடாது. எங்க பிள்ளைங்கள அவ தூக்கக் கூடாது...

...மச்சான்?... அழுவுறது யாரு? அவளும் அங்கதான் நிக்கிறாளா? குடுங்க அவகிட்ட.

...ம்... ம்... நல்லாத்தான் இருக்கேன். காத வச்சுக் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?... இல்ல, அண்ணேன்னு சொல்லாத. இனிமே ஐயா. எங்க, சொல்லு பாப்பம்.

...சரியாக் கேக்கல. போன் பக்கத்துல வாய வச்சுச் சொல்லு.

...ம். இன்னொருக்கா.

...இல்ல, அதுல இன்னும் கோவம் இருக்கு. தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்லிப் பாரு, தானா வரும்.

...ஆங். அதான். சரி, வண்டி ஏறுங்க.