அளவெடுக்க நின்ற நிழல்

மாலை ஆறு, ஆறேகால் இருக்கும். ஊரை விட்டு விலகிப் போகிற ரோடு... இரண்டு பக்கமும் வெறும் மனைகள். கல் நட்டதோடு சரி, ஒருத்தரும் கட்ட வரவில்லை. ரோட்டு விளக்கில் ஒன்று எரிந்தால் நாலு எரியாது. அந்த ரோட்டின் கோடியில், ஒற்றையாக ஒரு வீடு.

அங்கேதான் போய்க்கொண்டிருந்தான் சொட்டை.

யார் சொட்டை என்று கேட்காதீர்கள், சொல்கிறேன். என் சின்ன மச்சானோடு ஒன்றாகப் படித்தவன். போட்டோ எடுக்கிறவன். முப்பது வயதுக்குள் தலைமுடி மொத்தமும் கொட்டிவிட்டது. "உனக்கு எதுக்குடா தனியா ஃபிளாஷு? குனிஞ்சு நின்னாலே போதுமே" என்று மச்சான் ஓட்டுவான். இவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். இளகின மனசு. பொய் என்பது வாயில் வராது. அதனால்தான் இந்தக் கதையை நான் நம்புகிறேன்.

ம் கொட்டிக்கொண்டே கேளுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் யார் கேட்கிறீர்கள், யார் தூங்கிவிட்டீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏய், அந்தப் போனை அணை. அணை என்றால் அணைக்க வேண்டியதுதானே, அதற்கு ஏன் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாய்?

அந்த வீடு விற்பனைக்கு வந்திருந்தது. விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கச் சொல்லி புரோக்கர் இவனை அனுப்பியிருந்தார். வாசலில் ஒரு வேன் நின்றது. வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரம் செய்யாத முகம்.

"வாங்க தம்பி. கரண்ட்டை கட் பண்ணிட்டாங்க, உள்ள வெளிச்சம் இருக்காது. சாமானெல்லாம் ஏத்தியாச்சு. இனி அவ ஒருத்திதான் பாக்கி."

"யாருண்ணே?"

"என் வீட்டுக்காரி. பாப்பா ரூம்ல இருக்கா..." அவர் வேன் பக்கம் திரும்பிக்கொண்டார். "பாப்பா போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா தம்பி. ஒரே பொண்ணு. அன்னியிலேருந்து இவ அந்த ரூமை விட்டு வர மாட்டேங்கறா. டெய்லி வேனைக் கூட்டிட்டு வர்றேன். டெய்லி திருப்பி அனுப்பறேன். இவளையும் இந்த வீட்டுக்கே குடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

சொட்டைக்கு மனசு கேட்கவில்லை. அவனுக்கும் வீட்டில் ஒரு பெண் குழந்தை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

காலி வீடு எப்படி இருக்கும் தெரியுமல்லவா? செருப்புச் சத்தம் நமக்கு முன்னால் போகும். கூடம், அதைத் தாண்டி ஒரு நடை, நடையின் பக்கத்தில் அந்த ரூம். கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து பவுடர் வாசனை வந்தது, அதோடு கிரேயான் வாசனை. தரையில், சுவரோரமாக அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். இவன் வந்ததைப் பார்த்தாளா இல்லையா என்றே தெரியவில்லை.

ரூமுக்கு நேர் எதிரே, நடைச் சுவரில் பென்சில் கோடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக. பிள்ளையை நிற்கவைத்து வளர்த்தி பார்ப்போமே, அந்தக் கோடு. கடைசிக் கோடு சொட்டையின் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அதற்கு மேல் வெறும் சுவர்தான்.

முதலில் கேமராவின் தலையிலேயே ஃபிளாஷை மாட்டி நடையை எடுத்தான். படத்தில் சுவர் இருந்தது, கோடு இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஆனால் புரோக்கர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "ரூமுக்குள்ள ஆள் இருக்கற மாதிரி ஒரு வெளிச்சம் வேணும் தம்பி, அப்பதான் வீடு போகும்." அதற்கு ஃபிளாஷைக் கழற்றி ரூமுக்குள் வைக்க வேண்டும். தூரத்தில் இருக்கிற ஃபிளாஷை அடிக்க டிரிக்கர் என்று ஒன்று இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். கேமராவில் ஒன்று, ஃபிளாஷின் அடியில் ஒன்று. இங்கே அமுக்கினால் அங்கே மின்னும். வயர் கிடையாது. நடுவில் சுவர் இருந்தாலும் கவலையில்லை.

ஒன்றை மட்டும் மனசில் வையுங்கள். ஃபிளாஷ் கேமராவோடு ஒட்டி இருக்கும்வரை நிழல் நமக்குத் தெரியாது, எதனுடைய நிழலோ அதன் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். தள்ளி வைத்தால்தான் வெளியே வரும்.

"அக்கா... இந்தச் சின்ன நாற்காலி மேல லைட் வெச்சுக்கட்டுங்களா?"

அது பிள்ளையின் நாற்காலி. அந்த அம்மா தலையை லேசாக அசைத்தாள். ஃபிளாஷை அதன்மேல் வைத்து, வாசலைப் பார்க்கத் திருப்பினான். அவள் அதற்குப் பின்னால் இருந்தாள். ரூமுக்குள் வேறு யாரும் இல்லை. நன்றாகப் பார்த்தேன் என்று மச்சானிடம் சத்தியம் செய்திருக்கிறான்.

கூடத்துக்கு வந்து கேமராவை அமுக்கினான். 'டப்'... நடைச் சுவர் வெளுத்தது.

வெளுப்பின் நடுவில் ஒரு நிழல்.

சின்னப் பிள்ளை. இரண்டு ஜடை. குதிகால் இரண்டும் ஒட்டி, கை இரண்டும் பக்கத்தில் ஒட்டி, முகவாயைத் தூக்கி... அளவெடுக்கச் சுவரோடு ஒட்டி நிற்கிற பிள்ளை எப்படி நிற்கும்? அப்படி. உச்சந்தலை சரியாகக் கடைசிக் கோட்டில் இருந்தது.

இருட்டில் ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஏறுகிற சத்தம் மட்டும்... 'ஙீ...' என்று.

ரூமுக்குள்ளிருந்து குரல் வந்தது. ரொம்ப நாளாகப் பேசாத குரல், காய்ந்து போன குரல்.

"தம்பி... இன்னொரு தடவை போடுங்க."

டிரிக்கரில் டெஸ்ட் பட்டன் என்று ஒன்று உண்டு. அமுக்கினால் படம் விழாது, ஃபிளாஷ் மட்டும் அடிக்கும். கேமராவிலிருந்து டிரிக்கரைக் கழற்றிக் கையில் எடுத்து, ரூம் வாசல் ஓரமாக வந்து நின்று அமுக்கினான். 'டப்'.

அதே நிழல். அதே கோடு.

"குட்டிம்மா..." என்றாள் அவள். அழுகையும் சிரிப்புமாக வந்தது. "நிமிந்து நில்லுடி. கூன் போடாதன்னு எத்தனை தடவை சொல்றது?"

அளவெடுக்கும்போது எப்போதும் அதைத்தான் சொல்வாளாம். சொட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கு மட்டும் கலங்காதாக்கும்... மூக்கை உறிஞ்சுவது யார் என்று எனக்குத் தெரியும், சும்மா இருக்கிறேன்.

மறுபடி அமுக்கினான். இந்தத் தடவை தலை கோட்டைத் தாண்டியிருந்தது.

"தம்பி, பாத்தீங்களா? வளந்துட்டா!" அவள் முட்டி போட்டு நிமிர்ந்துவிட்டாள். "இன்னொண்ணு போடுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

'டப்'. இன்னும் உயரம். 'டப்'. இன்னும்.

"அங்க போயும் வளர்றா தம்பி. நான் அதை நினைச்சுத்தான் செத்துட்டு இருந்தேன். அப்படியே நின்னு போயிட்டாளோ, அந்தக் கோட்டோடயே இருந்துடுவாளோன்னு... இல்ல. வளர்றா. இந்நேரம் ரெண்டாங்கிளாஸ் முடிச்சிருப்பா, இவ்ளோ உயரம் இருக்கத்தான் செய்வா."

சொட்டை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சத்தோடு பிழைக்கிறவன் அவன். நிழல் வளராது என்று அவனுக்குத் தெரியும். நிழல் பெரிதானால், அது சுவரை விட்டு விலகி விளக்கை நோக்கி வருகிறது என்று அர்த்தம். விளக்கு நாற்காலியில் இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் தாய் இருந்தாள்.

நிழலின் ஓரம் கலங்கியிருந்தது. ஜடை தெரியவில்லை. விளக்குக்குப் பக்கத்தில் வந்தால் ஓரம் கலங்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பாட்டரி வேறு இறங்கிக்கொண்டே வந்தது. சார்ஜ் ஏறுகிற சத்தம் நீண்டுகொண்டே போனது... 'ஙீ.........' இன்னும் ஒரு தடவை அடித்தால் அதிகம். வளர்கிறாள் என்றே அவள் நம்பிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் பெற்றவளைத் தேடிப் பிள்ளை வருகிறது, அது இவளுக்குத் தெரியாமல் போகலாமா என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. பொய்தான் அவனுக்கு வராதே.

"அக்கா," என்றான். "அவ வளரலக்கா. நிழல் பெருசாகுதுன்னா லைட்டுகிட்ட வர்றான்னு அர்த்தம். உங்ககிட்டதான் வர்றா. கையை நீட்டுங்க."

அவள் இவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் விளக்குக்கு முன்னால் நீட்டினாள்.

அமுக்கினான். 'டப்'. சுவர் மொத்தமும் கறுப்பு.

அதோடு ஃபிளாஷ் செத்துவிட்டது. கும்மிருட்டு. அதற்குள் 'ஹக்' என்று ஒரு மூச்சு. மடியில் மூட்டையை இறக்கினால் நமக்கு வருமே, அந்த மூச்சு. பவுடர் வாசனை போய் ஈர மண் வாசனை வந்தது. அந்தப் பக்கம் மழை பெய்தே மாசக்கணக்காகியிருந்தது.

"அப்பா... என்னா கனம்," என்று சிரித்தாள் அந்த அம்மா. "என்னா கனம் கனக்கறா!"

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் டார்ச்சோடு ஓடிவந்தார். அவள் வெறுங்கையை வளைத்து அணைத்தபடி எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். மறுபடி சுவரைப் பிடித்து எழுந்தாள். "போலாங்க," என்றாள். "பாப்பா தூங்கறா. மெதுவா வாங்க."

அவர் திகைத்து நின்றார். பிறகு இவனைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டார். எதுவானால் என்ன, பெண்டாட்டி வீட்டை விட்டு வெளியே வருகிறாள். அவருக்கு அது போதும். "பூட்டிட்டு சாவியைப் புரோக்கர்கிட்ட குடுத்துடுங்க தம்பி" என்று சாவியைக் கையில் திணித்தார். அவள் ஏறி உட்கார்ந்தபோது வேன் அந்தப் பக்கமாகத் தாழ்ந்தது. சொட்டை அதையும் பார்த்தான். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. வேன் கிளம்பிவிட்டது.

வந்த வேலை பாக்கி. ஃபிளாஷுக்கு வேறு பாட்டரி போட்டான். அதே நாற்காலியில் வைத்தான். டிரிக்கரைக் கேமராவில் மாட்டி, கூடத்துக்கு வந்து அமுக்கினான்.

'டப்'.

இரண்டு ஜடை. ஒட்டிய குதிகால். தூக்கிய முகவாய். உச்சந்தலை கடைசிக் கோட்டில்.

அது அங்கேயேதான் நின்றிருந்தது. முதலிலிருந்தே நின்றிருந்தது. நடுவில் வந்த பெரிய நிழல் அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான். நிமிர்ந்து நில், கூன் போடாதே என்று அம்மா சொன்னாளே... சொன்னபடி நிமிர்ந்து, அம்மா வந்து பென்சிலால் கோடு போடுவாள் என்று நின்றுகொண்டிருக்கிறது பிள்ளை.

கேமராவைத் தரையில் போட்டுவிட்டு வெளியே ஓடினான். வேனின் சிவப்பு விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது. போன் போட்டான். வீட்டுக்காரர் எடுத்தார். அழுதுகொண்டிருந்தார், சந்தோஷத்தில்.

"தம்பி, நீங்க நல்லா இருக்கணும். ஒரு வருஷம் கழிச்சு அவ குரலைக் கேட்கறேன். பின்சீட்டுல உக்காந்து பாப்பாவுக்குக் கதை சொல்லிட்டு வர்றா... இருங்க, கேளுங்க."

போனைப் பின்பக்கம் நீட்டினார் போலிருக்கிறது. அந்த அம்மா ராஜா கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நிறுத்தின இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று தடித்த குரலில்... "ம்" என்றது. "ம்..." என்றது.

அந்த மனுஷனிடம் என்னவென்று சொல்வது? லைன் அறுந்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை அடித்தும் அந்த நம்பரை யாரும் எடுக்கவே இல்லை. இன்றுவரை எடுக்கவில்லை. அந்த அம்மா என்ன ஆனாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உள்ளே போய்க் கேமராவை மட்டும் எடுத்தான். ஃபிளாஷை எடுக்கக் கை வரவில்லை. பிள்ளையை இருட்டில் விட்டுவிட்டு வருவது போல் இருந்ததாம். கதவைப் பூட்டினான். கேட்டுக்கு வெளியே வந்து, டிரிக்கரைக் கழற்றி டெஸ்ட் பட்டனை அமுக்கினான்.

பூட்டிய வீட்டுக்குள் 'டப்'. தரைவரை இறங்கிய முன் ஜன்னலின் மங்கல் கண்ணாடி ஒரு வெட்டு வெளுத்தது. அதில் இரண்டு ஜடை. வேன் போன ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"அம்மா இதோ வந்துடுவாங்கடா குட்டி," என்றான் சொட்டை. "கடைக்குத்தான் போயிருக்காங்க."

பொய்யே வராது என்றேனே, அவன்தான் சொன்னான்.

வாசலில் விட்டிருந்த தன் பைக்கை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்து அமுக்கிக்கொண்டே நடந்தான். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வெளுத்தது. ஒவ்வொரு தடவையும் அது அங்கே நின்றது. ரோடு வளைகிற இடத்துக்கு வந்தபோது பட்டன் அமுங்கியது, வீடு இருட்டாகவே இருந்தது. டிரிக்கருக்கு அதற்கு மேல் எட்டாது. வீட்டுப் பக்கமாக இரண்டு தப்படி திரும்பி வந்து அமுக்கினான்.

கண்ணாடி வெளுத்தது. இந்தத் தடவை, அம்மா வந்து கோடு போடுவாள் என்று அவன் பொய்யை நம்பி, குதிகால் ஒட்டி, முகவாயைத் தூக்கி, நிமிர்ந்து நின்றது.