ஸ்டுடியோவில் கேட்ட ஸ்மைல்

கள்ளக்குறிச்சியில் கரியாலூர்ப் பேருந்து புறப்படுவதற்குக் காத்திருந்தேன். முன் இருக்கையில் இரு பெண்கள். இளையவள், குடகில் மிளகு பறிக்கச் சென்றுள்ள கணவனுக்கு அனுப்புவதற்காகச் சற்றுமுன் புகைப்படம் எடுத்துக்கொண்டவள் என்பது பேச்சிலிருந்து விளங்கிற்று.

“ஸ்டுடியோக்காரன் ஸ்மைல், ஸ்மைல்னு சொல்லிக்கினே இருந்தான். பல்லக் காட்டச் சொல்றானாக்கா?”

“பல்லு தெரியாம லேசா சிரிக்கிறதுடி.”

“அப்டித்தான் நெனச்சேன். அதான் மூஞ்சிய உம்முனு வெச்சிக்கினேன்.”

“ஏன்டி?”

“போட்டோவ மொதல்ல மாமியாரு பாப்பாங்க, அப்புறம் நாத்தனாரு. புருஷன் இல்லாத வூட்ல இவளுக்கு இன்னா சிரிப்புன்னு கேப்பாங்க.”

“ஒம் புருஷன் இன்னா கேட்டான்?”

“சிரிச்ச மூஞ்சியா ஒண்ணு அனுப்புன்னாரு.”

மூத்தவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வா, இன்னொண்ணு எடுப்போம். அத எங்க வூட்ல இருந்து நான் அனுப்பறேன். யாருக்கும் காட்ட வேணாம்.”

“அந்த ஸ்டுடியோக்காரன் மூஞ்சியப் பார்த்து எப்டிக்கா சிரிக்கிறது? அவரு எதிர்ல வந்து நின்னாத்தான் எனக்குச் சிரிப்பே வரும்.”

“நிக்கிறான்னு நெனச்சிக்க. எறங்கு.”

பேருந்து புறப்பட்டபோது, என் முன் இருக்கை காலியாகவே இருந்தது.