மடியில் இருந்த புலி

"புலியைக் கொழும்புக்குக் கொண்டு போகாதை," என்றாள் அக்கா. 2009இல், லண்டனில் ஸ்ட்ரெதம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள் அந்தச் சகோதரிகள். தங்கையின் மடியில் இந்தியக் கலாசார நிலைய நூலகத்தின் சிறுவர் பாட்டுப் புத்தகம். அட்டையில் சிரிக்கும் புலி.

"இது இந்தியாப் புத்தகம், அக்கா. லைப்ரரி சீலும் இருக்கு."

"எயார்போட்டில ஆமிக்காரன் சீலையே பாக்கப்போறான்?"

"அப்ப அட்டையைக் கிழிக்கிறன்."

"ஏன் கிழிச்சனீ எண்டு கேப்பான்."

பஸ்ஸில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்றே நினைத்திருப்பார்கள். ஆனாலும் குரல் தணிந்தது.

"சரி, இண்டைக்கே திருப்பிக் குடுக்கிறன்."

இரண்டு தரிப்புகள் கடந்தன. தங்கை மெல்லத் திரும்பினாள்.

"அக்கா, பிள்ளைக்கு அந்தப் புலிப் பாட்டுப் பாடமாகிட்டுது. ஆர் கேட்டாலும் பாடிக் காட்டுவாள்."