மூணு கிலோ

— வருஷச் சோதனைக்கு நான் வந்தது நல்லதாப் போச்சு. முள் சைபர்ல நிக்கல நர்சம்மா. மூணு கிலோ பின்னாடி போயிருக்கு.

— பழைய எடை மிஷின்தானேண்ணே. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்.

— அதான் இல்ல. இங்க பாருங்க. ஸ்பிரிங் தளர்ந்தா பலகை கீழ இறங்கும், முள் முன்னாடி போகும். பின்னாடி வரவே வராது. ஓரத்துல இந்தச் சின்னச் சக்கரம் இருக்கு பாருங்க, இதை யாரோ கையால திருப்பியிருக்காங்க.

— திருப்பி வச்சிடுங்கண்ணே, போதும்.

— பள்ளிக்கூடத்துப் பசங்க வேலையா?

— நான்தாண்ணே.

— நீங்களா? குண்டாகாம இருக்கறது எப்படின்னு ஊரெல்லாம் பாடம் எடுக்கிற நீங்களா?

— குத்தாதீங்கண்ணே. போன வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு. டீச்சர் எழுதிக்கட்டும்னு எடையைச் சத்தமா சொன்னேன். வரிசையே சிரிச்சுது. அன்னையிலேர்ந்து மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லையாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய், ஒளிஞ்சு உக்காந்து ரெண்டு மடங்கு தின்னுருக்கு. எடை இன்னும் ஏறிடுச்சு. நாளைக்கு உங்க தெருப் பள்ளிக்கூடத்துல எடை போடணும். அதான் சக்கரத்தைத் திருப்பிட்டேன்.

— அதனால மூணு கிலோ தள்ளுபடி.

— சிரிங்க, சிரிங்க.

— சிரிக்கல, கேளுங்க. சக்கரத்துக்கு ஆள் தெரியாது. நோஞ்சான் பிள்ளைக்கும் மூணு குறைக்கும், பருத்த பிள்ளைக்கும் மூணு குறைக்கும். சும்மா ஒல்லியா இருக்கற பிள்ளையை நோஞ்சான்னு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்க. கவனிக்க வேண்டிய பிள்ளையைச் சரியா இருக்கேன்னு வீட்டுக்கு அனுப்புவீங்க.

— தெரியாமலா? எடை ஏறுறது குத்தமில்ல, சீக்கிரம் தெரிஞ்சா கூல்டிரிங்க்ஸைக் குறைச்சு, ஓடி விளையாடி, நேரத்துக்குத் தூங்கியே சரி பண்ணலாம்னு நானேதான் சொல்றேன். வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு செய்யுது.

— நம்பரை மாத்தாதீங்க. பிள்ளையைத் திரும்பி நிக்கச் சொல்லுங்க.

— எப்படி?

— சுவத்தைப் பார்த்து. முள் குதிகால் பக்கம் வந்துடும். நீங்க மட்டும் குனிஞ்சு பார்த்து எழுதிக்கங்க. அறைக்குள்ள ஒவ்வொருத்தரா வரட்டும். பேச வேண்டியதை அப்பா அம்மாகிட்ட தனியா பேசுங்க.

— எத்தனைன்னு அதுங்க கேட்டா?

— வளர்ந்திருக்கேன்னு சொல்லுங்க. பொய்யில்லையே.

— அட, இவ்வளவு நாளா எனக்கு இது தோணலையே. மிஷின் படிச்ச ஆளு, மனுஷங்களையும் படிச்சிருக்கீங்க.

— முள்ளைச் சரி பண்ணிட்டேன். ஏறுங்க, சோதிக்கணும்.

— ஐயோ, நானா?

— திரும்பி நில்லுங்க. சத்தமா சொல்ல மாட்டேன்.

— மூச்சு விடலாமா?

— விட்டாலும் குறையாது. ம், சரியா காட்டுது. இறங்குங்க. நர்சம்மா, நாளைக்கு ஆறாம் வகுப்புல என் பொண்ணும் வருவா. எடையைப் பார்த்தா திடுக்குனு இருக்கும். அவகிட்ட காட்டிக்காதீங்க, என்னைக் கூப்பிடுங்க.

— அவ்வளவு ஏறிடுச்சா? வீடு பூரா மிஷினா வச்சிருக்கீங்க, எப்படிண்ணே தெரியாம போச்சு?

— எட்டு மாசம் முன்னாடி எடை பார்த்துட்டு ஒரே அழுகை. ஒரு வாரம் நிம்மதியா இருக்கட்டும்னு வீட்டு மிஷின்ல முள்ளைப் பின்னாடி தள்ளினேன். அப்புறம் நானே அந்த முள்ளை நம்ப ஆரம்பிச்சுட்டேன்.